கத்தி வைக்கிற வருசத்து விரதம்

டொக்டர் இருதயத்தைப் பற்றிக் கதைப்பார் என்று நினைத்துத்தான் போயிருந்தோம். அவரோ நாங்கள் கதிரையில் இருந்த நேரத்திலிருந்து சலம் போவதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார். நாளுக்கு எத்தனை தரம் போகிறது, இரவில் எழும்புகிறாரா, கால் வீங்குகிறதா, முழங்கால் வலிக்கு என்ன குளிசை போடுகிறவர் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே புழங்குவதில்லை. "ஒருக்கா வெளியாலை போட்டு வாறன்" என்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

அவர் கரவெட்டியில் வெங்காயமும் மிளகாயும் வைக்கிற தோட்டக்காரர். நான் பிரதேச செயலகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவள். அவருடைய இருதயத்துக்குப் போகிற குழாய்களில் மூன்று அடைபட்டிருந்தன. நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்யவேண்டும் என்று முதலே சொல்லிவிட்டார்கள். நான் அந்தச் செய்தியைக் கேட்டு அழுது முடித்து, மனத்தைத் தேற்றிக்கொண்டு வந்திருக்கிற நேரத்தில் இந்தச் சத்திர சிகிச்சை டொக்டர் இருதயத்தை விட்டுவிட்டுக் கிட்னியைப் பிடித்துக்கொண்டால் எனக்குக் கோபம் வராதா?

"நெஞ்சுக்கு வந்த இடத்திலை உதென்ன கதை டொக்டர்?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. இளம் வயது, பொறுமையான மனிதர். "அம்மா, இருதயத்தை நான் திருத்திப்போடுவன். ஆனா நான் திருத்திற நேரம் ஒரு மிஷின்தான் ஐயாவின்ரை இரத்தத்தை ஓட்டப்போகுது. அப்ப கிட்னிக்குப் போற இரத்தம் குறையும். நல்ல கிட்னி எண்டால் தன்ரை பாட்டிலை எழும்பியிடும். முதலே களைச்சுப்போன கிட்னி படுத்திடும். அது படுத்தால் தண்ணி வெளியிலை போகாமல் நெஞ்சுக்குள்ளை தேங்கும். மூச்சு முட்டும். மற்ற ஆக்கள் வீட்டை போன பிறகும் ஐயா ஐசியூவிலை கிடக்க வேண்டி வரும்" என்றார்.

என் கணவர் அப்போதுதான் வாய் திறந்தார். "விளங்குது டொக்டர். பம்பைக் கழட்டிப் பூட்டிற மட்டும் தோட்டத் தறைக்குத் தண்ணி வராது. செழிச்சு நிக்கிற பயிர் தாங்கும். வாடி நிக்கிறது சரிஞ்சிடும்."

"ஓம் ஐயா, அதேதான்" என்றார் டொக்டர். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கும் விளங்கியது. விளங்கியதும் பயம் இன்னும் கூடியது.

இருதயத்துக்கு எத்தனை பாட்டு இருக்கிறது, எத்தனை கவிதை இருக்கிறது. நெஞ்சே என்று அழைத்துக் கதைக்கிறோம், நெஞ்சைத் தொட்டுச் சத்தியம் பண்ணுகிறோம். குண்டிக்காய்க்கு ஆர் பாட்டு எழுதினார்கள்? இடுப்புக்குப் பின்னால் ஒரு சத்தமும் போடாமல் கிடந்து ஊத்தையைப் பிரித்து அனுப்பிக்கொண்டிருக்கிறது. இருதயம் ஒரு துடிப்புத் தவறினால் ஊரைக் கூட்டும். இது பாதி செத்த பிறகும் வாய் திறக்காது. இரத்தத்தைச் சோதித்தபோதுதான், அவருடைய கிட்னி கொஞ்சக் காலமாகவே களைத்துப்போயிருப்பது தெரியவந்தது. முழங்கால் வலிக்கென்று பாமசியில் தானே சொல்லி வாங்கி விழுங்கிய குளிசைகள் ஒரு காரணமாக இருக்கலாம் என்று டொக்டர் சொன்னார். அவற்றை அன்றே நிறுத்தச் சொன்னார். நாளுக்கு இவ்வளவு தண்ணீர் குடிக்கவேண்டும் என்று போத்தலைக் காட்டி அளவு சொன்னார்.

நான் கிளாக்கராக இருந்தவள். ஓட்டை எங்கே இருக்கும் என்று தேடுகிற புத்தி போகாது. "டொக்டர், கந்தசஷ்டி வருகுது. இவர் விரதம் பிடிக்கிறவர்" என்றேன்.

"இந்த முறை வேண்டாம் ஐயா. முருகன் கோவிக்கமாட்டார்."

என் கணவர் தலையாட்டினார். சத்திர சிகிச்சைக்குச் சூரன்போர் முடிந்து அடுத்த கிழமையில் நாள் குறித்தார்கள்.

அவருடைய சஷ்டி விரதம் லேசுப்பட்டதல்ல. கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து பார்த்து வருகிறேன். ஆறு நாளும் சோறில்லை, பாலில்லை, பழமில்லை. தொண்டைமானாற்றுச் சன்னிதி முருகன் கோயிலில் போய் இருப்பார். பின்னேரப் பூசை முடிந்ததும் மிளகை வாயில் போட்டு ஒரு கை தண்ணீரோடு விழுங்குவார். அவ்வளவுதான். ஏழாம் நாள் விடிய பாறணைச் சோறு சாப்பிடும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். நான் பாலும் பழமும் எடுத்துப் பிடிக்கிற கூட்டம். எங்களைப் போன்றவர்களை அவர் 'சாப்பாட்டு விரதக்காரர்' என்று பகிடி பண்ணுவார்.

அந்த வருடம் தானே ஒரு சமாதானத்துக்கு வந்தார். ஒரு நேரம் மரக்கறிச் சோறு சாப்பிடுவது, டொக்டர் சொன்ன அளவு தண்ணீர் குடிப்பது, குளிசை ஒன்றும் தவறவிடாமல் போடுவது, பின்னேரம் சன்னிதிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவது. இவ்வளவு சுலபமாக இறங்கி வருகிறாரே என்று நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். முப்பது வருடம் மேசைக்கு முன்னால் வந்து நின்று பொய் சொன்னவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்தவள் என்று எனக்கு ஒரு தலைக்கனம் இருந்தது.

விரத நாட்களில் காகத்துக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவது. அவர் வாழையிலையில் சோற்றையும் கறியையும் எடுத்துக்கொண்டு பின் வளவுக்குப் போவார். வெறும் இலையோடு திரும்பி வந்து கை கழுவுவார். "அங்கை காத்து நல்லாயிருக்கு, அங்கையே இருந்து சாப்பிட்டிட்டன்" என்பார். கிணற்றுக் கட்டில் காகங்கள் வரிசையாய் இருந்து கத்துவதைப் பார்த்தேன். இந்த வருடம் காகம் கூடிப்போச்சுது என்றுதான் நினைத்தேன். தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவேன். வெறுமையாய்த் திரும்பி வரும். எனக்குப் பரம திருப்தி.

பாறணை முடிந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரத்தம் எடுத்தார்கள். பின்னேரம் டொக்டர் எங்களைக் கூப்பிட்டபோது அவருடைய முகத்தில் சிரிப்பு இல்லை. கிட்னியின் நிலையைக் காட்டுகிற கிரியேட்டினின் ஏறியிருந்தது. கொஞ்சமல்ல, போன முறையிலும் பார்க்க நன்றாக ஏறியிருந்தது. இந்த நிலையில் நெஞ்சைத் திறக்க முடியாது, நாளைத் தள்ளிப்போடுகிறேன் என்றார். "என்ன நடந்தது ஐயா?" என்று கேட்டார். என் கணவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

வெளியில் வந்து சுவரோரத்து மர வாங்கில் இருத்தி விசாரணையைத் தொடங்கினேன். முழங்கால் குளிசையைத்தான் களவாய்ப் போட்டிருக்கிறார் என்பது என் முடிவு.

"அந்தக் குளிசை போட்டனீங்களோ?"

"இல்லை."

"சன்னிதியான் அறியச் சொல்லுங்கோ."

"சன்னிதியானுக்குத் தெரியும். நான் விரதம் பிடிச்சனான்."

எனக்கு உடனே விளங்கவில்லை. "அப்ப சோறு?"

"காகத்துக்கு."

"தண்ணி?"

"கோயில் வாசலிலை கால் கழுவினனான்."

"மருந்து?"

"அது உமக்குச் சொன்னபடி. ஒண்டும் விடேல்லை."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த மனிதர் சோற்றையே மறைத்திருக்கிறார். அவரை அங்கேயே இருக்கவிட்டு டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்தார். "மருந்தையும் விட்டிருந்தால் இவ்வளவு ஏறியிராது அம்மா. அதிலை ஒண்டு சலம் போறதுக்கான குளிசை. உள்ளை தண்ணி இல்லாத நேரம் அதையும் போட்டு இருந்ததையும் வெளியிலை விட்டிருக்கிறார்" என்றார். எனக்குக் கொடுத்த வாக்குகளில் அவர் ஒன்றே ஒன்றைத்தான் காப்பாற்றினார். அந்த ஒன்றுதான் அவரை ஆகப் பழுதாக்கியது. இதைக் கேட்டு அழுவதா சிரிப்பதா?

வாங்குக்குத் திரும்பி வந்து, "ஏன் உப்பிடிச் செய்தனீங்கள்?" என்று கேட்டேன். போற வாற சனம் பார்க்கிற அளவுக்குச் சத்தமாய்த்தான் கேட்டேன்.

"இத்தனை வருசம் ஒரு குறையும் இல்லாமல் பிடிச்சனான். கத்தி வைக்கிற வருசம் பாத்து விடுறதோ? பேந்து எந்த முகத்தோடை அவனிட்டை என்னைப் பாத்துக்கொள் எண்டு கேக்கிறது?"

கோபத்தில் ஆகக் கெட்ட கோபம், மற்றவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அடங்காமல் நிற்கிற கோபம். டொக்டர் சொல்லிக்காட்டிய தண்ணீர்க் கணக்கு இவருக்கு விளங்காமலில்லை. பம்பையும் பயிரையும் வைத்து டொக்டருக்கே விளக்கம் சொன்னவர். தெரிந்துகொண்டுதான் செய்தார். பயம் வருகிறபோது அறிவு ஒரு பக்கம் நிற்கும், பழக்கம் ஒரு பக்கம் இழுக்கும். இவருக்குப் பயமே இல்லை என்று நான் நினைத்தது எவ்வளவு மடைத்தனம். தண்ணீர் குடியாமல் கிடந்ததுதான் அவருடைய பயம். நான் அழுது காட்டினேன், அவர் விரதமிருந்து காட்டினார்.

அதற்குப் பிறகு அவர் குடிக்கிற ஒவ்வொரு மிடறையும் நான் முன்னால் நின்று பார்த்தேன். சோறு என் கண்ணுக்கு முன்னால்தான் தொண்டைக்குள் இறங்கியது. பின் வளவுக்குப் போகத் தடை. காகங்கள் சில நாள் வந்து கத்திவிட்டுப் போயின. கிரியேட்டினின் இறங்கத் தொடங்கியது. இறங்கியது என்றாலும் பழைய இடத்துக்கு வரவில்லை, நடுவழியில் நின்றுவிட்டது. இன்னும் பொறுத்துப் பார்க்கலாம் என்றால் இருதயம் விடவில்லை. கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீர் தூக்கினதற்கே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டார்.

"பொறுத்தால் இருதயம் போகும். செய்தால் கிட்னி படுக்கக்கூடும். நான் செய்வம் எண்டு சொல்றன்" என்றார் டொக்டர். ஒளிக்காமல் சொன்னதற்கு அவருக்கு நன்றி. அன்றிலிருந்து எனக்கு வேறு யோசனை இல்லை. கிட்னி எழும்புமா, படுக்குமா?

சத்திர சிகிச்சை நாளில் வெளி மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் குருநகரைச் சேர்ந்த ஒரு பெண் இருந்தார். என் வயதுதான் இருக்கும், கையில் செபமாலை. அவருடைய கணவருக்கும் அதே நாளில், இவருக்கு அடுத்ததாக, அதே பைபாஸ். கடலுக்குப் போகிறவராம். என்னுடைய பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணீரை இருவரும் பங்குபோட்டுக் குடித்தோம். நான் விரதக் கதையைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "எங்கடை மனிசன் வலையை மறந்தாலும் தண்ணிக் கானை மறவாது. நடுக்கடலிலை தண்ணி முடிஞ்சு ஒருக்காக் கிடந்து பட்டது. அதுக்குப் பிறகு தண்ணியைக் கண்டவுடனை குடிக்கும்" என்றார்.

இரண்டு பேருக்கும் சத்திர சிகிச்சை நல்லபடி முடிந்தது. இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் ஐசியூவில் விட்டார்கள். அடுத்த நாள் குருநகர்க்காரரை வாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரே டொக்டர், ஒரே மிஷின், ஒரே வயது. அவருடைய கிட்னி உள்ளே போகும்போதே நல்ல கிட்னி. அவர் கட்டிலில் சாய்ந்திருந்து பாண் துண்டைப் பாலில் தோய்த்துச் சாப்பிடுவதை வாட்டுக் கண்ணாடிக்கு வெளியில் நின்று பார்த்தேன். அந்த மனிதரைப் பார்த்து எனக்குப் பொறாமையாய் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

என்னவருக்கும் சுவாசக் குழாயைக் கழற்றியிருந்தார்கள். கவுன் மாட்டி, கை கழுவி, உள்ளே விட்டார்கள். உதடெல்லாம் வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் கேட்ட முதல் சொல், "தண்ணி."

நான் மேசையைப் பார்த்தேன். தாதி தலையசைத்தார். "குடுக்கேலாது அம்மா. சலம் குறைவாப் போகுது. உள்ளை போறது வெளியிலை வரவேணும். வராட்டி நெஞ்சிலை ஏறியிடும்." ஒரு துண்டுப் பஞ்சை நனைத்து என் கையில் தந்தார். நான் அவருடைய உதட்டைத் துடைத்தேன். அந்தப் பஞ்சை அவர் பல்லால் பிடித்து உறிஞ்சப் பார்த்தார்.

"ஒரு மிடறு தாரும்."

"ஏலாது."

"சன்னிதியான்கூட ஒரு கை தண்ணி விட்டவன்" என்றார். குரல் வரவில்லை, காற்றுத்தான் வந்தது. குடியுங்கோ குடியுங்கோ என்று பிடரியில் நின்றவள், இப்போது ஒரு பஞ்சுத் தண்ணீரை வாயிலிருந்து இழுத்து எடுத்தேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் வெளியில் வந்து சுவரோடு நின்று அழுதேன்.

மறுநாள் சலம் நின்றுவிட்டது. குழாயில் சில துளிகள், அதுவும் தேத்தண்ணீர் நிறத்தில். ஊசி மருந்தைக் கூட்டினார்கள், அசையவில்லை. முகமும் கையும் ஊதின. மூச்சு வாங்கத் தொடங்கியது. முகத்தை இறுக்கிப் பிடிக்கிற ஒரு மாஸ்க்கைப் பூட்டினார்கள். டொக்டர் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். "இருதயம் நல்லாத்தான் இருக்கு அம்மா. பிரச்சினை நாங்கள் பயந்த இடத்திலைதான். பின்னேரத்துக்கிடையிலை சலம் போகாட்டி டயாலிசிஸ் மிஷின் பூட்ட வேணும். அதோடை திரும்பவும் சுவாசக் குழாய் வைக்க வேண்டி வரலாம். உங்கடை சம்மதம் வேணும்."

"டயாலிசிஸ் கொஞ்ச நாளைக்கோ?"

"கன பேருக்குக் கொஞ்ச நாள்தான். சில பேருக்கு..." என்று நிறுத்தினார். "பாப்பம் அம்மா."

கையெழுத்தை வைத்துவிட்டு வந்து வாங்கில் இருந்தேன். குருநகர்ப் பெண் வாட்டிலிருந்து என்னைத் தேடி வந்தார். அவர் நேராகவே கேட்டார். "ஐயாவுக்குச் சலம் போச்சுதோ?" சுற்றிலும் ஆண்கள் இருந்தார்கள். "இன்னும் இல்லை" என்று நானும் சத்தமாய்ச் சொன்னேன். சொல்லுக்கு வெட்கப்படுகிற கட்டத்தையெல்லாம் நான் எப்போதோ தாண்டிவிட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் செபமாலையை உருட்டத் தொடங்கினார்.

நானும் கண்ணை மூடினேன். சன்னிதியில் சனம் பிள்ளை கேட்டுப் பார்த்திருக்கிறேன், விசா கேட்டுப் பார்த்திருக்கிறேன், காணாமற்போனவர்களைக் கேட்டுக் கதறியதையும் பார்த்திருக்கிறேன். சலம் கேட்டவள் நானாகத்தான் இருப்பேன். பக்தியோடு கேட்கவில்லை, சண்டை பிடித்துத்தான் கேட்டேன். உனக்காகத் தண்ணீரை விட்ட மனிதன் உள்ளே கிடக்கிறான். உனக்கு அவன் தந்தது முழுக்க வேண்டாம், ஒரு போத்தல் அளவு திருப்பித் தா. இந்த வயதில் இந்த மனிதரை விட்டால் எனக்குச் சண்டை பிடிக்க ஒருவரும் இல்லை. இப்படி என்னென்னவோ சொன்னேன். அவரில் எனக்கு எவ்வளவு ஆசை இருக்கிறது என்பதை அன்றைக்கு அந்த வாங்கில் இருந்துதான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

வெயில் சரிகிற நேரம் தாதி கதவைத் திறந்து என்னைப் பார்த்து வரச் சொன்னார். நோயாளியைப் பார்க்கிற நேரமில்லை அது. மிஷினைக் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அதைவிடக் கெட்டதையும் நினைத்தேன். கவுனின் கயிற்றை எனக்குக் கட்டத் தெரியவில்லை, தாதிதான் கட்டிவிட்டார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் புது மிஷின் ஒன்றும் இல்லை. அவர் மாஸ்க்கோடு கண்ணை மூடிக் கிடந்தார். தாதி ஒன்றும் சொல்லாமல் கட்டிலுக்குக் கீழே கையைக் காட்டினார். நான் குனிந்தேன். பக்கவாட்டுச் சட்டத்தில் கொழுவியிருந்த பையின் அடியில் மஞ்சளாய்த் தெரிந்தது. குழாயில் இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.

"மத்தியானத்துக்குப் பிறகு தொடங்கினது. முதல் துளித்துளியா, இப்ப நல்லாப் போகுது. கிட்னி எழும்பியிட்டுது போலை அம்மா. டொக்டர் மிஷினை இப்போதைக்கு வேண்டாம் எண்டிட்டார்" என்றார் தாதி.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அதிகாரபூர்வமான ஒரு தாளைக் கண்டால்கூடத் தடவிப் பார்க்கிறவள் நான். நிலத்தில் முழங்காலைக் குத்தி இருந்து, அந்தப் பைக்குக் கீழே உள்ளங்கையை வைத்தேன். சூடாய் இருந்தது. உயிரோடு இருக்கிற மனிதருடைய சூடு. நேற்று அவருடைய கையைப் பிடித்தபோதுகூட இந்தச் சூடு இருக்கவில்லை. நெற்றியைக் கட்டில் கம்பியில் வைத்துக்கொண்டு விம்மி அழுதேன்.

சத்தத்துக்கு அவர் கண் திறந்தார். தலையைக் கொஞ்சம் திருப்பி, நான் எங்கே இருக்கிறேன், என்ன செய்கிறேன் என்று பார்த்தார். வெட்கத்தில் அந்த ஊதின முகமும் சுருங்கியது. ஊசி குத்தின கையால் போர்வையை இழுத்துப் பையை மறைக்கப் பார்த்தார், எட்டவில்லை.

"ஊத்தை" என்றார் மாஸ்க்குக்குள்ளிருந்து. "கையை எடும்."

நான் எடுக்கவில்லை.